ஷலபிய்யா நட்ட நாலு கம்பு

ஷலபிய்யா முதன்முதலாக ஒருவன் மண்டையை உடைத்தபோது அவளுக்குக் கல்யாணம்கூட ஆகியிருக்கவில்லை. அவன் அவர்கள் வீட்டு வலையைத் திருடியவன். படகு தள்ளும் கழியால் ஒரே போடு. அவன் சுருண்டு விழுந்ததும் அவன் படகில் ஏறித் தன் வலையை எடுத்துக்கொண்டாள். அவன் பிடித்து வைத்திருந்த ஜிலேபி மீன்களையும் அள்ளிக்கொண்டாள். "மீனு எதுக்குடி?" என்று அவள் அப்பா கேட்டதற்கு, "என் வலையில விழுந்தா என் மீனுதானே" என்றாள். மன்ஸலா ஏரிக்கரையில், எங்கள் மத்தரிய்யாவில், அன்றைக்கு அதுதான் பேச்சு. அந்தப் பேச்சைக் கேட்டுத்தான் மித்வல்லி அவளைப் பெண் கேட்டு வந்தான். தைரியசாலி, அல்லது பைத்தியக்காரன். எங்கள் ஊரில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது.

நான் படகுகளின் இடுக்கில் பஞ்சு அடைத்துத் தார் பூசுகிறவன். எல்லாரும் என்னை உஸ்தா, அதாவது மேஸ்திரி, என்றுதான் கூப்பிடுவார்கள். யார் படகானாலும் ஒருநாள் ஓட்டையாகி என்னிடம்தான் வந்தாக வேண்டும். ஆகையால் எல்லார் கதையும் எனக்குத் தெரியும். ஷலபிய்யாவின் கதையைப் பலர் பலவிதமாகச் சொல்கிறார்கள். ஏரியில் காலே நனைக்காதவன்கூடச் சொல்கிறான். அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது, அதனால்தான் நானே சொல்லிவிடுகிறேன்.

எங்கள் ஏரியில் தண்ணீர் எல்லாருக்கும் பொது. ஆனால் எவனாவது நாலு கம்பை நட்டு நுனியில் ஒரு துணியைக் கட்டிவிட்டால், அந்த இடம் அவனுடையது என்று அர்த்தம். அப்புறம் கம்புகளுக்கு இடையில் நாணல், நாணலின் மேல் சேறு, சேற்றின் மேல் துப்பாக்கியோடு ஓர் ஆள். உள்ளே மீன் பண்ணை. முஅல்லிம் ஸக்லூல் என்கிற பெரிய முதலாளி ஏரியில் பாதியை அப்படித்தான் விழுங்கினான். அவன் முதல் கம்பை நட்டபோது எங்கள் பெரிய மனிதர்கள் போய், இது யார் கம்பு, எதற்காக நட்டது என்று மரியாதையாக விசாரித்தார்கள். அவன் உட்காரவைத்து டீ கொடுத்தான். மறுநாளும் கொடுத்தான். இவர்கள் டீயைக் குடித்து முடிப்பதற்குள் மண்கரை எழும்பிவிட்டது.

அதற்கு முடிவு கட்டியவள் ஷலபிய்யா. மீன் ஏலம் போடுகிற கூடத்தில் ஒரு ஐஸ் பெட்டியின் மேல் ஏறி நின்று கத்தினாள்.

"கம்பைக் கண்டா பிடுங்குங்க! யாருதுன்னு கேக்காதீங்க! கேட்டுக்கிட்டு நின்னவன் தண்ணியை விட்டான். மீசை வச்சிருக்கவன் என்கூட வாங்க. மத்தவன் வீட்டுக்குப் போயி வெங்காயம் உரிங்க!"

மீசை வைத்தவர்கள் எல்லாரும் போனார்கள். வேறு வழி? அன்று ஸக்லூலின் ஆள் ஒருவன் துப்பாக்கியைத் தூக்கினான். ஷலபிய்யா மீன் இழுக்கும் கொக்கியை அவன் உள்ளங்கையில் இறக்கி, கையைப் படகுப் பலகையோடு சேர்த்துக் குத்தி நிறுத்திவிட்டாள். அவன் அலறியது கரைவரை கேட்டது. "கத்தாதேடா, மீனெல்லாம் ஓடிடும்" என்றாளாம். அன்றிலிருந்து அதுதான் எங்கள் ஏரியின் சட்டம். கம்பைக் கண்டால் பிடுங்கு, கேட்காதே. ஸக்லூலும் அதோடு புதிதாக எதையும் வளைக்க முடியாமல் நின்றான்.

இனி மித்வல்லியைச் சொல்ல வேண்டும். சொல்ல எனக்குப் பிடிக்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன்.

அவன் கையால் மீன் பிடிக்கிறவன். மார்பளவுத் தண்ணீரில் நின்று, முங்கி, சேற்றைத் துழாவி, மீனைத் தொட்டுப் பிடித்து மேலே வருகிற வேலை. பெரிய வடிகால் வழியாகப் பல ஊர்களின் குப்பையெல்லாம் எங்கள் ஏரிக்குத்தான் வருகிறது. அடிச்சேற்றில் பிளாஸ்டிக் பையும் தாளும் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து கிடக்கும். ஒரு குளிர்காலத்துக் காலையில் முங்கியவன் எழவில்லை. தோட்டங்களில் செடிக்கு மேல் போர்த்துகிற பெரிய பிளாஸ்டிக் தாள் ஒன்று அவன் காலைச் சுற்றிக்கொண்டது. தாளின் மறுமுனை சேற்றுக்குள் ஆழமாகப் புதைந்திருந்தது. தண்ணீர் அவன் தலைக்கு மேல் ஒரு சாண்தான் இருந்தது.

ஷலபிய்யா குதித்தாள். அவன் கை அவள் கையைப் பிடித்தது, நன்றாக இறுக்கிப் பிடித்தது. கத்தி படகில் கிடந்தது. இவள் முங்கி அந்தத் தாளைப் பல்லால் கடித்து இழுத்தாள். பிறகு அவளே என்னிடம் சொன்னாள்: "கிழியலை உஸ்தா. இழுக்க இழுக்க நீளுது, சனியன், கிழிய மாட்டேங்குது. அவரு கை பிடிச்சிக்கிட்டே இருந்துச்சு. அப்புறம் விட்டுருச்சு."

அவர்களுக்கு ஒரே மகன், ஷஹாத்தா. முன்னால் பிறந்தவை எதுவும் தங்காததால், பிச்சையாகக் கிடைத்தவன் என்று பொருள்பட வைத்த பெயர். அப்பாவைப் போலவே அவனும் கையால் மீன் பிடிக்கிறவன். அதே தண்ணீரில்தான் முங்குகிறான். வேறு வேலை பாருடா என்று அவள் தலையால் அடித்துக்கொண்டாள். "ஏம்மா, நான் என்ன மந்திரியாவா போகப்போறேன்?" என்று சொல்லிவிட்டு முங்கப் போய்விடுவான். இவள் கரையில் நின்று, அவன் தலை வெளியே தெரிகிறவரை மூச்சை அடக்கிக்கொண்டு நிற்பாள். எத்தனையோ முறை என் பட்டறையிலிருந்து அதைப் பார்த்திருக்கிறேன். அவன் எழுந்ததும், "நாயே, சீக்கிரம் வாடா மேல!" என்று திட்டுவாள்.

பிளாஸ்டிக்கோடு அவள் சண்டைக்கு நின்றாள். வலையில் வந்த பைகளைக் குவித்து எரித்தாள். புகை தாங்காமல் வந்த அக்கம்பக்கத்துப் பெண்களோடு முடியைப் பிடித்து உருண்டாள். ஒருநாள் மளிகைக்காரன் ஒரு எலுமிச்சம்பழத்தைப் பிளாஸ்டிக் பையில் போட்டுக் கொடுத்தான். கையில் இருந்த மடவை மீனால் அவனை இரண்டு கன்னத்திலும் அறைந்தாள். "மீனால அடி வாங்குன முதல் ஆளு நீதான்டா" என்று தஸூகி அவனைக் கேலி செய்தே மாதக்கணக்கில் பொழுதை ஓட்டினான். தஸூகி எங்கள் துறையின் வாயாடி. யாருடைய துக்கத்திலும் ஒரு சிரிப்பைக் கண்டுபிடித்துவிடுவான்.

அப்படி இருக்கும்போதுதான் பல்கலைக்கழகத்திலிருந்து டாக்டர் யுஸ்ரா வந்தாள். மூக்குக்கண்ணாடி, ஒல்லியான உடம்பு. படகில் ஏறினாலே பயந்து இரண்டு பக்கமும் பிடித்துக்கொள்வாள். கையில் ஒரு கண்ணாடி ஜாடி, அதில் பச்சையாக ஏதோ.

"என்னம்மா இது, கீரையா?" என்றாள் ஷலபிய்யா.

"பாசிங்க. பிளாஸ்டிக் மேல ஒட்டிக்கிட்டு வளரும். அதுலேர்ந்து ஊறுற ஒண்ணு பிளாஸ்டிக்கை அரிக்கும். ஆனா மெதுவாத்தான்."

"எவ்வளவு மெதுவா?"

"ரொம்ப மெதுவாங்க."

"என் மாமியா செத்த மாதிரியா?"

யுஸ்ராவுக்குச் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை. ஆனாலும் ஷலபிய்யா தன் வீட்டு மொட்டை மாடியில் தொட்டி வைக்க இடம் கொடுத்தாள். ஏரியில் எடுத்த பைகளை மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டி, பாசியைத் தடவி, வெயில் படும்படி தண்ணீருக்குள் மிதக்கவிட்டார்கள். கோடை முழுக்க இவள் தினமும் மாடி ஏறித் தண்ணீரைக் கலக்கிவிட்டாள். ஊர் சிரித்தது. உம்மு ஷஹாத்தா, அதாவது ஷஹாத்தாவின் அம்மா, பாசிக்குச் சோறு ஊட்டுகிறாள் என்றான் தஸூகி.

கோடை முடியும்போது என்னை மாடிக்குக் கூப்பிட்டாள். பச்சை பிடித்த ஒரு பையை எடுத்து, கட்டைவிரல் நகத்தால் ஒரு கீறு கீறினாள். காய்ந்த வெங்காயத் தோல் மாதிரி கிழிந்தது. இன்னொன்றைக் கீறினாள், அதுவும் கிழிந்தது. அப்படியே மாடித் தரையில் உட்கார்ந்து, வாயைக் கையால் பொத்திக்கொண்டு அழுதாள். கொக்கியால் ஒருவன் கையைக் குத்தி நிறுத்தியவள் அழுது நான் பார்த்தது அன்றுதான்.

யுஸ்ரா நேர்மையான பெண். "எவ்வளவு கரைஞ்சிருக்கு, எவ்வளவு வெறும் பொடியா நிக்குதுன்னு எங்களுக்கே இன்னும் தெரியாதுங்க" என்றாள்.

"கிழியுதில்ல? என் பையன் கால்ல சுத்துனா உதறிட்டு வருவானில்ல? எனக்கு அது போதும்."

அடுத்து ஏரியிலேயே சட்டங்களை இறக்குவது என்று முடிவானது. முதலில் அவற்றை மிதக்கவிட்டுப் பழக்க வேண்டும், பிறகு அடிச்சேறு வரைக்கும் தாழ்த்திப் பார்க்கலாம் என்றாள் யுஸ்ரா. இடத்தை ஷலபிய்யா சொன்னாள். மித்வல்லி போன இடம், ஷஹாத்தா தினமும் முங்குகிற இடம்.

ஒரு வெள்ளிக்கிழமை, ஆண்கள் தொழுகையில் இருந்த நேரத்தில், அவள் தனியாகப் போய்ச் சட்டங்களை இறக்கினாள். அவை காற்றில் போய்விடாமல் இருக்கச் சுற்றி நாலு கம்பு நட்டாள். ஒவ்வொரு கம்பின் நுனியிலும் தன் கறுப்புத் தலைத்துணியிலிருந்து கிழித்த ஒரு துண்டைக் கட்டினாள். யாரிடமும் சொல்லவில்லை. மகனிடமும் சொல்லவில்லை.

தொழுகை முடிந்து முதலில் ஏரிக்குள் போனது தஸூகியின் படகு. எங்கே ஒழுகுகிறது என்று பார்ப்பதற்காக நானும் அதில் இருந்தேன்.

"உஸ்தா, அங்க பாரு. கம்பு!"

"இருடா, யாருதுன்னு..."

"யாருதா இருந்தா என்ன?" என்று சொல்லிக்கொண்டே விரலை வாயில் வைத்து விசில் அடித்தான். அந்த விசிலுக்கு எங்கள் ஏரியில் ஒரே அர்த்தம்தான். துறையில் இருந்த படகுகள் எல்லாம் எங்களை நோக்கித் திரும்பின. எதிரே ஸக்லூலின் மண்கரையில் அவன் காவலாட்கள் சூரியகாந்தி விதையைக் கொறித்துக்கொண்டு வேடிக்கை பார்க்க உட்கார்ந்தார்கள்.

நாணலுக்குப் பின்னாலிருந்து ஷலபிய்யாவின் படகு வெளியே வந்தது. அவள் எழுந்து நின்றாள். கையில் இரும்புப் பூண் போட்ட கழி.

"கிட்ட வராதே தஸூகி."

தஸூகி வாயைப் பிளந்தான். "உம்மு ஷஹாத்தா! நீயா நட்டே?"

"ஆமா. என்னுதுதான். உள்ள பாசி வளருது, பிளாஸ்டிக்கைத் தின்னுற பாசி. போயி உன் வேலையைப் பாரு."

"பாசிக்குக் கம்பு நட்டவளை இன்னைக்குத்தான்மா பாக்குறேன். ஸக்லூல் எவ்வளவு குடுத்தான்?"

அவன் அந்த வார்த்தையைச் சொல்லியிருக்கக் கூடாது. கழி அவன் வாயில் இறங்கியது. முன்பற்கள் என் மடியில் வந்து விழுந்தன. அதற்கப்புறம் எது யாருடைய அடி என்று சொல்ல முடியாது. படகுகள் ஒன்றோடொன்று மோதின. ஒருவன் துடுப்பால் அவள் விலாவில் அடித்தான். அவள் அவனைக் கழியால் தண்ணீருக்குள் அழுத்தினாள். இன்னொருவன் கம்பில் கை வைத்தான், அவன் விரல்கள் நொறுங்குகிற சத்தம் எனக்குக் கேட்டது. "துரோகி!" என்று கத்தினார்கள். அவள் ஏற்றிவிட்ட ஆவேசம், அவள் சொல்லிக் கொடுத்த அடி, எல்லாம் அவள் மேலேயே விழுந்தது. நெற்றி பிளந்து ரத்தம் ஒரு கண்ணை மறைத்தது. ஆனாலும் அவள் படகு அந்தக் கம்புகளைச் சுற்றிச்சுற்றி வந்தது, ஒருவனையும் பிடுங்க விடவில்லை. ஸக்லூலின் ஆட்கள் கைதட்டினார்கள்.

அப்போது ஷஹாத்தா வந்தான். யாரோ போய்ச் சொல்லியிருக்கிறார்கள். தொழுகைக்குப் போட்ட வெள்ளை ஜிப்பாவோடு மார்பளவுத் தண்ணீரில் இறங்கி நடந்து வந்தான். எல்லாரும் அடிப்பதை நிறுத்தினார்கள்.

"அம்மா, நீயே பிடுங்கிடு."

"போடா வீட்டுக்கு."

"கெஞ்சிக் கேக்குறேம்மா. எல்லாரும் என்னையத்தான் பாக்குறாங்க. நீ பிடுங்கலைன்னா நான் பிடுங்கணும்."

"இது உனக்காகத்தான்டா மடையா! உன் காலுக்காக!"

பின்னால் ஒருவன் களுக்கென்று சிரித்தான். அந்தச் சிரிப்பு ஷஹாத்தாவின் காதில் விழுந்தது. அவன் முகம் மாறியதை நான் பார்த்தேன். ஒரு கம்பை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்து ஆட்டினான்.

அவள் கையைப் பார்த்துத்தான் அடித்தாள். எந்த நீதிபதிக்கு முன்னாலும் நான் சத்தியம் செய்வேன், கையைப் பார்த்துத்தான் அடித்தாள். அந்த நொடியில் கம்பு சேற்றிலிருந்து விடுபட்டது, அவன் முன்னால் சாய்ந்தான். இரும்புப் பூண் அவன் இடது கண்ணில் இறங்கியது.

அவன் கத்தவில்லை. முகத்தைப் பொத்திக்கொண்டு நின்றான். வெள்ளை ஜிப்பா மேலிருந்து கீழாகச் சிவந்துகொண்டே வந்தது. ஷலபிய்யா கழியைத் தண்ணீரில் போட்டாள். அவனை எங்கள் படகில் ஏற்றினோம். அவள் உடனே எங்களோடு ஏறவில்லை. மிச்சம் இருந்த மூன்று கம்பையும் ஒவ்வொன்றாகத் தானே பிடுங்கி எறிந்துவிட்டு, பிறகுதான் ஏறினாள். பச்சைச் சட்டங்கள் காற்றில் நகர்ந்து ஸக்லூலின் கரையில் போய்த் தட்டின. அவன் ஆட்கள் அவற்றைக் காலால் மிதித்து உடைத்தார்கள்.

கண் போய்விட்டது என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். ஷலபிய்யா நெற்றியில் தையலோடு கட்டிலுக்குக் கீழே தரையில் உட்கார்ந்திருந்தாள். ரொட்டி வாங்கிக் கொடுத்தேன், தொடவில்லை. நலம் விசாரித்து ஸக்லூல் ஒரு கூடை ஆரஞ்சுப் பழம் அனுப்பியிருந்தான். கொண்டுவந்தவன் மேல் ஒவ்வொன்றாக எறிந்து அவனை மாடிப்படிவரை துரத்தினாள். திரும்பி வந்து அதே இடத்தில் உட்கார்ந்தாள்.

அதற்குள் யுஸ்ரா துறைக்குப் போய், பாசி, சட்டம், தொட்டி எல்லாவற்றையும் அழுதுகொண்டே விளக்கியிருக்கிறாள். துறைக்காரர்களுக்கு உண்மை புரிந்தது. புரிந்ததும் கோபம் வேறு பக்கம் திரும்பியது. சாயங்காலம் அவர்கள் ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள். தஸூகி வீங்கிய வாயோடு ஷலபிய்யாவின் தலையில் முத்தமிட்டான்.

"எங்களை மன்னிச்சிரு உம்மு ஷஹாத்தா. உம்மேல தப்பில்ல. எல்லாம் அந்தக் கண்ணாடிக்காரி. ஏரியைப் பத்தி ஒண்ணும் தெரியாதவ உன்னைக் கம்பு நட வச்சிருக்கா. பசங்க அவ வண்டியைக் கொளுத்தக் கிளம்பிட்டாங்க."

கட்டிலிலிருந்து ஷஹாத்தா பேசினான். முகத்தில் பாதி கட்டு. "வண்டியை விடு. அவளை விட்டு வைங்க எனக்கு. அவ கண்ணை நான் எடுக்குறேன்."

ஷலபிய்யா பேசாமல் இருந்திருக்கலாம். ஊர் அவளை மன்னித்துவிட்டது. மகனும் மன்னிக்கத் தயாராக இருந்தான். அவள் வாயைத் திறக்காதே என்று மனதுக்குள் வேண்டிக்கொண்டேன், ஏன் வேண்டினேன் என்று எனக்கே தெரியவில்லை. அவள் கட்டிலின் இரும்பைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

"வண்டியைத் தொட்டவன் கையை ஒடிப்பேன். அந்தப் பொண்ணு கம்பு நடச் சொல்லலை. கல்லுதான் கொண்டாந்தா. சாக்குல கல்லு கட்டி இறக்குனா சட்டம் நகராதுன்னு சொன்னா. கல்லு இன்னும் என் வீட்டு வாசல்ல கிடக்கு, போய்ப் பாருங்க. நான்தான் வேணாம்னேன். நான்தான் கம்புன்னேன்."

வண்டியைக் கொளுத்தப் போன பசங்களைத் திருப்பிக் கூப்பிடத் தஸூகி முதலில் கிளம்பினான். ஒவ்வொருவராக வெளியே போனார்கள். நான் கதவருகே நின்றுவிட்டேன்.

"ஏம்மா?" என்றான் ஷஹாத்தா.

அவள் தன் கைகளைப் பார்த்தபடி சொன்னாள்.

"இத்தனை வருஷமா ஊரான் கம்பையே பிடுங்கிட்டிருந்தேன்டா. எனக்குன்னு ஒரு நாலு கம்பு நட்டுப் பாக்கணும்னு இருந்துச்சு. உங்கப்பா போன இடத்துல. வேற ஒண்ணுமில்ல."

ஷஹாத்தா கட்டில் விரிப்பைப் பிடித்துக் கசக்கினான். எழுந்து அவளை அடித்துவிடுவானோ என்று நான் ஓரடி முன்னால் வைத்தேன்.

"சொல்லியிருந்தா நானே நட்டுக் குடுத்திருப்பேனேம்மா" என்றான் அவன்.